மூடிய முற்றமும் மூன்று மணி வெயிலும்

போன வியாழக்கிழமை மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது அம்மா முற்றத்தோரம் உட்கார்ந்து முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லைட் எரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் நட்ட நடுப்பகலிலும் ட்யூப்லைட் போட்டால்தான் ஆள் முகம் தெரியும். ஸ்விட்சை யாரும் தொடாமல் ஒரு முழுப் பகல் போனது அன்றைக்குத்தான். அதனால் மூடிக் கிடந்த முற்றத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்த கதையை இப்போது எழுதிவைக்கிறேன். மூன்று வருஷம், இரண்டு முயற்சி, செலவு 66,700 ரூபாய். அதில் 21,400 ரூபாய் சுத்தமாகத் தண்டம்.

வீடு கும்பகோணத்தில் பழைய வரிசை வீடு. அகலம் 15 அடி, நீளம் 90 அடி, வாசல் கிழக்கே. தெற்கிலும் வடக்கிலும் பொதுச்சுவர், ஆகவே பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு முற்றம்தான் ஜன்னல். கட்டியவர்கள் நடுவே 8 அடிக்கு 7 அடி திறந்து விட்டிருக்கிறார்கள். 8 அடி கிழக்கு மேற்காக, 7 அடி தெற்கு வடக்காக. நாலு மூலையில் தூண், சுற்றித் தாழ்வாரம், கீழே கருங்கல் பாவி, தண்ணீர் வெளியே போக ஒரு தூம்பு. 1999இல் திருடன் ஒருவன் அந்த வழியாக இறங்கி வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு போனான். அப்பா முதலில் கம்பிக் கிராதி போட்டார். அப்புறம் குரங்குத் தொல்லை என்று கிராதிமேல் சிமென்ட் ஷீட்டைப் போட்டு மூடினார். அன்றைக்கு அணைந்தது வீடு.

முற்றத்தில் கை வைப்பதற்கு முன்னால் கொல்லைப்புறக் குளியலறையில் ஒரு சின்ன ஒத்திகை பார்த்தேன். பிரேசிலில் ஆல்ஃப்ரெடோ மோசர் என்ற மெக்கானிக் 2002 வாக்கில் கண்டுபிடித்த பாட்டில் விளக்கு. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச் ஊற்றி, தகரக் கூரையில் ஓட்டை போட்டுப் பாதி வெளியே பாதி உள்ளே நிற்கிற மாதிரி செருகுவது. மேலே விழும் வெயிலைத் தண்ணீர் வளைத்து அறை முழுக்கச் சிதறடிக்கும். செலவு 140 ரூபாய். பகலில் பல்பு மாதிரியே எரிந்தது. ஓட்டையைச் சுற்றி நான் அப்பிய ஈப்பாக்சிப் பசை மட்டும் நாலு மாத வெயிலில் வெடித்து ஒழுக ஆரம்பித்தது. இரண்டாம் தடவை சிலிக்கான் வைத்தேன், இன்று வரை நிற்கிறது. இந்தச் சின்ன வெற்றி என் தலைக்கு ஏறியதுதான் அடுத்து வந்த தப்புக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் முயற்சி, 2022 மார்ச். யோசனை ரொம்ப எளிது. சிமென்ட் ஷீட்டை எடு, அதே இடத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் பாலிகார்பனேட் ஷீட்டைப் போடு. பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், உடைத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும். அதனால் ஹோஸில் தண்ணீர் பீய்ச்சி நனைத்து, போல்ட்டை மட்டும் வெட்டி, முழுசு முழுசாக இறக்கச் சொன்னேன். முகமூடி போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு சித்தாள் சிரித்தார். போட்டுக்கொண்டார்.

புது ஷீட் 6 மி.மீ., உள்ளே கூடு கூடாகக் குழல் ஓடும் ரகம். போட்ட அன்று சாயங்காலம் தெருவே வந்து பார்த்தது. மொபைலில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப் ஒன்று இருக்கிறது. மொபைல் சென்சார் துல்லியமெல்லாம் கிடையாது. ஆனால் அதே மொபைலை, அதே இடத்தில், அதே நேரத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்பிடலாம். கூடத்து நடுவில் காலை 11 மணிக்கு முன்பு 6 லக்ஸ். இப்போது 2,600. படிக்க 300 இருந்தால் தாராளம்.

பங்குனி முடிவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஷீட்டுக்கு ஓரடி கீழே தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டேன். 43 டிகிரி. வெளியே மாடி நிழலில் 37. வெயில் உள்ளே வருகிறது, சூடான காற்று வெளியே போக வழியில்லை. முற்றம் அடுப்பாகிவிட்டது. அம்மா கட்டிலை ரேழிக்கு மாற்றிக்கொண்டாள். "உங்கப்பா இருட்டாத்தான் வெச்சிருந்தார், ஆனா வேகவெக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒட்டு வேலைகள் பட்டியல் போடும் அளவுக்கு இருக்கும், இரண்டை மட்டும் சொல்கிறேன். நர்சரியில் கட்டும் பச்சை வலை வாங்கி ஷீட்மேல் விரித்தேன். சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் வீட்டில் எல்லோர் முகத்திலும் பாசி படர்ந்த மாதிரி ஒரு நிறம். அரிசியில் கிடக்கும் பழுப்பு நெல்லுக்கும் நல்ல அரிசிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வலையைக் கழற்றிவிட்டு ஷீட்மேல் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தேன். முதல் கோடை மழையில் கரைந்து, தூம்பு வழியாகப் பாலாறு ஓடியது.

இதோடு ஷீட் தன் பங்குக்குக் காலையில் எட்டு மணி வாக்கில் 'டக் டக்' என்று தெறிக்கும் சத்தம் போடும். ராத்திரி ஆறினதும் மறுபடி. பாலிகார்பனேட் வெயிலுக்கு இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.065 மி.மீ. அளவுக்கு. பத்தடி ஷீட் 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 6 மி.மீ. நீண்டுவிடும். போட்டவர் ஸ்க்ரூவுக்கு இறுக்கமாக ஓட்டை போட்டிருந்தார், நீள இடமில்லாமல் ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டது. ஓட்டை 10 மி.மீ.க்குக் குறையாமல் போட்டு, மேலே அகலமான ரப்பர் வாஷர் வைத்திருக்க வேண்டும். அது மட்டுமா? அந்த ஷீட்டில் ஒரு பக்கம்தான் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் படலத்தில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் படலத்தை முதலில் உரித்துவிட்டு, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போட்டிருக்கிறார்கள். இரண்டே வருஷத்தில் மஞ்சள் பூத்துப் பழைய செய்தித்தாள் நிறம். குழல்களின் முனையையும் டேப் போட்டு மூடவில்லை. உள்ளே ஈரம் போய்ப் பச்சைப் பாசி, பாசிக்குள் எறும்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் எறும்பு வரிசை போவதை அண்ணன் பையன் மணிக்கணக்கில் பார்ப்பான். அந்த 21,400 ரூபாயில் உருப்படியாகக் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

தப்பு எங்கே என்று யோசிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. எனக்கு வேண்டியது வெளிச்சம், நான் உள்ளே விட்டதோ வெயில். நம் ஊரில் சூரியன் வருஷத்தில் பாதி நாள் தலைக்கு நேர் மேலேயே உலாத்துகிறது. அப்படியிருக்க மொட்டைமாடியில் படுக்கைவசமாகக் கண்ணாடி போடுவது வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனை எதிர்பார்ப்பது மாதிரி. மேலே மூட வேண்டும். பக்கத்தில் திறக்க வேண்டும். அதாவது முற்றத்தின்மேல் ஒரு சின்னக் கூரையை இரண்டு மூன்று அடி தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியில் கண்ணாடி.

இரண்டாம் முயற்சி 2025 தை மாதம் தொடங்கியது. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்திருக்கிறார், எங்கள் மொட்டைமாடியிலிருந்து 11 அடிக்கு அவர் சுவர். வடக்கு வீடு தரைத்தளம் மட்டும், வானம் முழுக்கத் திறப்பு. ஆகவே பெரிய கண்ணாடி வடக்கே என்று முடிவானது. பஞ்சாலைகளில் ரம்பப்பல் மாதிரி கூரை போட்டுக் கண்ணாடியை வடக்கே பார்க்க வைப்பார்கள் அல்லவா, வடக்கு வெளிச்சம் நேர் வெயில் இல்லாத வெளிச்சம் என்று. அதைத்தான் நானும் நம்பினேன். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் வருகிறேன்.

வடிவம் இதுதான். முற்றத்தைச் சுற்றி 9 அங்குலத்துக்குச் செங்கல் திட்டு, மாடித் தண்ணீர் உள்ளே வராமலிருக்க. அதன்மேல் இரண்டு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம். வடக்கே உயரம் 3 அடி, தெற்கே ஒன்றரை அடி, கூரை தெற்கே சரிகிறது. வடக்கில் 24 அங்குல உயரத்துக்கு 5 மி.மீ. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி, அதற்கு மேலே கூரையை ஒட்டி 6 அங்குலத்துக்குக் கண்ணாடி இல்லாமல் சாய்பலகையும் (காற்று போக இடைவெளி விட்டுச் சாய்வாக அடுக்கிய பட்டைகள்) கொசுவலையும். சூடான காற்று வெளியேற அதுதான் வழி. தெற்கில் கண்ணாடியே கிடையாது, முழுக்க சாய்பலகையும் வலையும். கூரைக்கு இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பஃப் பேனல், 30 மி.மீ. வெறும் தகரம் என்றால் பாதி விலை. ஆனால் மழை பெய்தால் கூடத்தில் பேச முடியாது, வெயிலில் கீழ்ப்பக்கம் தொட முடியாது. கூரை எல்லாப் பக்கமும் 9 அங்குலம் வெளியே நீண்டிருக்கும்.

சட்டத்தை நிறுத்துவதில் ஒரு நாள் வீண். வெல்டர் மாடித் தளத்தில் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்திவிடலாம் என்றார். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ், கம்பி போட்ட கான்கிரீட் இல்லை. மரச்சட்டத்தின்மேல் சின்னச் செங்கலை நெட்டுக்குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்டது. முதல் போல்ட்டை இறுக்கினோம், திரும்பிக்கொண்டே இருந்தது. கையால் இழுத்தேன், பொரிந்த காரையோடு வந்துவிட்டது. கஜா புயலில் பறந்த தகரங்களை டெல்டாக்காரன் எவனும் மறந்திருக்க மாட்டான். இந்தப் பிடிமானத்தில் 80 சதுர அடிக் கூரையை ஆடிக் காற்றில் நிறுத்த நான் தயாராயில்லை.

கொத்தனார்தான் வழி சொன்னார். அறுபத்தைந்து வயதிருக்கும், இந்த மாதிரி வீடுகளை இடித்தும் பார்த்திருக்கிறார், கட்டியும் பார்த்திருக்கிறார். "தம்பி, தளத்தை விடுங்க. முத்தத்தைச் சுத்தி உத்திரம் ஓடுது பாருங்க, தேக்கு. அதைப் புடிங்க." உத்திரத்தின் பக்கவாட்டில் 6 மி.மீ. தகட்டை 'ட' வடிவில் வளைத்து வைத்து, 12 மி.மீ. போல்ட்டை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கி, காலுக்கு இரண்டு போல்ட். துளை போடும்போது வந்த மரத்தூள் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு வாசனை அடித்தது. ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதீர்கள். இப்போது சட்டத்தில் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. வெல்டர் குதித்தே காட்டினார்.

வேலை முடிந்து மாசியில் அளந்தபோது கூடத்து நடுவில் 190 லக்ஸ். 2,600 பார்த்த கண்ணுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வெப்பம்? மதியம் இரண்டு மணிக்கு உள்ளேயும் மாடி நிழலிலும் ஒரே அளவு. சாய்பலகை அருகே ஊதுபத்தியைப் பிடித்தால் புகை வளைந்து வெளியே ஓடுகிறது.

190ஐ எப்படி ஏற்றுவது? கண்ணாடியைப் பெரிதாக்கலாம் என்று வெல்டர். கொத்தனார் சுவரைக் காட்டினார். கூடத்துச் சுவர் 1999க்கு முன்பு அடித்த கரும்பச்சை டிஸ்டெம்பர். இடுப்பளவு உயரத்துக்குக் காவி எண்ணெய்ப் பெயின்ட். மேலே மரச்சட்டங்களுக்கு நடுவில் செங்கல்லில் நாற்பது வருஷ அடுப்புப் புகை. உள்ளே வரும் வெளிச்சத்தை இவ்வளவும் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைச் சுவர் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அந்தக் கரும்பச்சை பத்தில் ஒன்றைத் திருப்பினாலே அதிகம்.

பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடிப்போம், பழைய காரைச் சுவர் மூச்சு விடட்டும் என்றார் கொத்தனார். கிளிஞ்சல் சுண்ணாம்பு 25 கிலோ. பாதி டிரம் தண்ணீரில் கொட்டியதும் அது கொதித்த கொதி இருக்கிறதே, டிரம்மின் வெளிப்பக்கம் கை வைக்க முடியவில்லை. இரண்டு நாள் ஆறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, வடிகஞ்சி ஒரு செம்பு, இரண்டு கை கல்லுப்பு, கடைசியில் துளி நீலம். நீலம் போடாவிட்டால் பழுப்படிக்கும். முதல் கை அடித்தபோது சுவர் சாம்பலாகத் தெரிந்தது, இதற்கா இவ்வளவு என்றிருந்தது. காயக் காய வெளுத்தது. மூன்று கை. எண்ணெய்ப் பெயின்ட் இருந்த இடுப்பளவுப் பகுதியில் சுண்ணாம்பு ஒட்டாது. அதை முழுக்கச் சுரண்ட இரண்டு சித்தாள் நாலு நாள் பட்டார்கள், கணக்கில் நான் எதிர்பார்க்காத செலவு அதுதான். அதே 11 மணிக்கு, அதே இடத்தில்: 340. ஒரு அங்குலம் கண்ணாடி கூட்டவில்லை. அடுத்த தடவை என்று ஒன்று வந்தால் வெல்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே சுண்ணாம்பை ஊறவைத்துவிடுவேன்.

அந்த வேகத்தில் பக்கத்து வீட்டு மாடிச் சுவர்மேலும் கண் போனது. எங்கள் மாடியைப் பார்த்த பக்கம் பூசியதோடு சரி, கருத்துப் போய்க் கிடந்தது. வெள்ளையடித்தால் தெற்குச் சாய்பலகை வழியாக அந்த வெளிச்சமும் உள்ளே வரும். போய்க் கேட்டேன். "என் செவுத்துக்கு நீ எதுக்குப்பா வெள்ளையடிக்கிறே?" என்று சந்தேகமாகப் பார்த்தார். என் செலவு என்றதும் சந்தேகம் அதிகமானது. பொதுச்சுவரில் ஏதோ உரிமை கொண்டாடப் போகிறேன் என்று நினைத்திருப்பார். அவர் மனைவி சொல்லித்தான் சரி என்றார். 1,800 ரூபாய்.

இனி அந்த வடக்கு நம்பிக்கை.

ஏப்ரல் 18ஆம் தேதி, சித்திரை ஐந்தாம் நாள், மாடியில் ஒரு மருந்துப் பாட்டிலை நிறுத்திவைத்துப் பார்த்தேன். மதியம் 12 மணி 11 நிமிஷத்துக்குப் பாட்டிலுக்கு நிழலே இல்லை. கும்பகோணம் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது, சூரியன் அன்றைக்கு உச்சந்தலைக்கு நேர் மேலே. வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கு அர்த்தம் என்ன என்று அப்போது உறைக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சூரியன் வடக்கே இருக்கும். ஆவணி முதல் வாரம் தாண்டும் வரை நாலு மாதம் வடக்கேதான். 'வடக்கு ஜன்னலில் வெயில் வராது' என்பது கடக ரேகைக்கு அந்தப்பக்கம் உள்ள ஊர்களின் பாடம். நமக்கு உத்தராயணத்தின் கடைசி மூன்று மாதமும் தட்சிணாயனத்தின் முதல் மாதமும் வடக்கு ஜன்னல்தான் வெயில் ஜன்னல். பஞ்சாங்கம் தெரிந்த என் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் கடைக்கு அம்மாவிடமிருந்து போன். "டிவில படமே தெரியலடா." கேபிள் பிரச்சினை என்று நினைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சரியாகத்தான் ஓடியது. மறுநாள் மூன்று மணிக்குக் கடையை விட்டுவிட்டு வந்தேன். வடக்குக் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாக மேற்கிலிருந்து சாய்வாக ஒரு வெயில் பட்டை இறங்கி, முற்றத்தைக் கடந்து, கிழக்குத் தாழ்வாரத்தில் இருக்கும் டிவியின் நெற்றியில் விழுந்திருந்தது. அம்மா பார்க்கும் சீரியல் மூன்று மணிக்கு.

கூரையை 9 அங்குலம் நீட்டியிருந்தேனே? அது மதியத்துக்குப் போதும். ஜூன் 21 அன்றுகூட உச்சியில் சூரியன் வடக்கே பன்னிரண்டரை டிகிரிதான் சாய்கிறது, 9 அங்குல நீட்டலின் நிழல் 40 அங்குலம் கீழே வரை விழும், கண்ணாடி முழுக்க நிழலில். மூன்று மணிக்குச் சூரியன் வடமேற்கே தாழ்ந்துவிடுகிறது. அதே நீட்டலுக்கு 24 அங்குல நிழல்தான். சாய்பலகைக்கு 6 போக, கண்ணாடியில் அடி 6 அங்குலம் வெயிலில் நிற்கும். நாலு மணிக்கு 14 அங்குலம். கூரையை இன்னும் நீட்டி இதைச் சமாளிக்க வேண்டுமானால் பந்தல் போட வேண்டும். பக்கவாட்டில் வரும் வெயிலைப் பக்கவாட்டில்தான் மறிக்க வேண்டும்.

இந்தத் தடவை வெல்டரைக் கூப்பிடவில்லை. கடையில் மருந்து வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து 9 அங்குல அகலத்துக்குப் பட்டைகள் வெட்டினேன். எட்டடிக் கண்ணாடியின் வெளியே இரண்டடிக்கு ஒன்றாக ஐந்து இடத்தில், புத்தக அலமாரியின் பிரிப்புப் பலகை மாதிரி நிமிர்த்தி, செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். மூன்று மணிக்கு டிவியில் வெயில் ஏறக்குறைய இல்லை. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று.

வெற்றி என்று நினைத்து இறங்கினால் அம்மா முகம் சரியில்லை. காலை ஒன்பது மணி வெயிலும் போய்விட்டதாம். அது எனக்குத் தெரியவே தெரியாது, அந்நேரம் நான் கடையில். மூன்று மணிக்குக் கிழக்கே விழும் அதே பட்டை காலையில் மேற்கே, ஊஞ்சல்மேல் விழுந்திருக்கிறது. தலை குளித்துவிட்டு அதில் உட்கார்ந்து முடி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். "அது நல்ல வெயில்டா" என்றாள். நான் இத்தனை நாள் லக்ஸ் அளந்துகொண்டிருந்த வீட்டில் ஒருத்தி வெயிலையே பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுபடி மாடி. அட்டைகளை நேர் வடக்கே நீட்டாமல் கொஞ்சம் வடகிழக்கே திருப்பினேன். 10 டிகிரி, 20, 30 என்று ஒவ்வொரு நாளும் ஒரு அளவு. கீழே அண்ணன் பையன் நின்று டிவியில் விழும் பட்டையைச் சாக்பீஸால் குறித்தான். (டிவி மேலேயேவா என்று கேட்காதீர்கள், துடைத்தால் போய்விட்டது.) 30 டிகிரியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாலையில் மிச்சமிருந்த கீற்றும் மறைந்தது, காலையில் ஒவ்வொரு பலகைக்கும் இடையில் பத்து அங்குல வெயில் திறந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பலகையின் நுனி கிழக்கே தள்ளிப் போகிறது, மேற்கு வெயிலுக்கு நிழல் நீள்கிறது, கிழக்கு வெயிலுக்குக் குறுகுகிறது. ஆனால் கணக்குப் பிற்பாடு போட்டதுதான், கண்டுபிடித்தது அட்டையும் அம்மாவின் முடியும்.

அட்டைக்குப் பதிலாக 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு, இரண்டு பக்கமும் வெள்ளை. ஆனி முதல் வாரம் பொருத்தினோம். வெள்ளை அடித்திருப்பதால் பலகைகளே வெளிச்சத்தை உள்ளே தட்டிவிடுகின்றன. 340 இருந்தது 290 ஆனது. நான் பயந்தது 200க்கு இறங்கும் என்று. இன்னொரு பரிசும் கிடைத்தது. இந்த மாதங்களில் சூரியன் வடக்கே இருப்பதால் பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரின்மேல் நேராக வெயில் அடிக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தெற்குச் சாய்பலகை வழியாக, சூடில்லாமல், மோர் மாதிரி இறங்குகிறது. அண்டைவீட்டுக்காரர் ஒரு நாள் வந்து நின்று மேலே பார்த்துவிட்டு, "நம்ம செவுரு நல்லா வேலை செய்யுதே" என்றார். நம்ம சுவர் ஆகிவிட்டது.

இரண்டாம் முயற்சியின் கணக்கு, கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால்: இரும்புக் குழாயும் தகடும் போல்ட்டும் 5,100. வெல்டர் கூலி 7,000. பஃப் பேனல் 10,500. கண்ணாடி 1,900, சாய்பலகையும் வலையும் 3,600. செங்கல் திட்டு, நீர்க்கசிவுப் பூச்சு சேர்த்து 7,200. சுண்ணாம்பு, சுரண்டல், கூலி 4,200. பக்கத்துச் சுவர் 1,800. பக்கப் பலகைகள் 2,100. தெற்கு ஓரத் தண்ணீர்க் கால்வாயும் பிவிசி பைப்பும் 1,900. ஆக 45,300. கூடத்தில் பகலெல்லாம் எரிந்த இரண்டு 20 வாட் லைட்டை அணைத்ததால் மிச்சமாகும் கரண்ட் மாதத்துக்குப் பதினைந்து யூனிட்கூட இருக்காது. செலவை அதில் எடுக்க நினைப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சரியாகாத விஷயங்களும் இருக்கின்றன. மழைதான் முதல் கவலை. வைகாசியில் அடித்த இடிமழைக்கு வடக்குச் சாய்பலகை வழியாகத் தூவானம் முற்றத்துக் கல்லை நனைத்தது. தாழ்வாரத்துக்கு வரவில்லை, தூம்பு வாங்கிக்கொண்டது. ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், நானோ பலகைகளை அதே வடகிழக்கே திறந்து வைத்திருக்கிறேன். சாய்பலகைக்கு வெளியே மடக்கித் தூக்கும் ஒரு தகரப் படல் போடுவதற்கு அளவு எடுத்து வைத்தாயிற்று, 8 அடி 2 அங்குலத்துக்கு 7 அங்குலம். மழையைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன்.

இன்னொன்று தூசி. தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட மண் கண்ணாடியில் படிகிறது. ஒரு மாதம் விட்டுவிட்டால் 290 இருந்த இடத்தில் 240. பலகைகளுக்கு நடுவே இரண்டடி இடைவெளியில் கையை விட்டுத் துடைக்க வேண்டும், அடிமூலைக்குக் கை எட்டாது. ஒரு பலகையையாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி பொருத்தியிருக்கலாம், தோன்றவில்லை. இப்போதைக்கு ஒட்டடைக் குச்சி நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் மாடிக்குப் போக வேண்டும்.